கையை மடக்கினால் பந்தா

அக்கா மகன் புது ஷூ வாங்கியிருந்தான். வந்தவன் அதை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டியதுதானே? இல்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். விலையைப் பற்றி மூச்சு விடவில்லை. அவன் தங்கைதான் போகிறபோக்கில் சொன்னாள்: “மாமா, அவன் ஃப்ளெக்ஸ் பண்றான். கண்டுக்காதீங்க.”

எனக்குத் தெரிந்த ஃப்ளெக்ஸ் முச்சந்தியில் சவுக்குக் கம்பில் கட்டி நிற்பது. இது பந்தா காட்டுவதைச் சொல்லும் வினைச்சொல். ஆனால் இரண்டுக்கும் தாய்வீடு ஒன்றுதான்: வளைப்பது, மடக்குவது என்று பொருள்படும் ‘ஃப்ளெக்டெரே’ என்ற லத்தீன் சொல். சுருட்டி எடுத்துப்போகலாம் என்பதால் பேனர் துணிக்கு அந்தப் பெயர். பந்தாவுக்கு எப்படி வந்தது? முழங்கையை மடக்கிப் பாருங்கள், புஜம் திரளும். பயில்வான் ‘என் பலம் தெரியுமா’ என்று கேட்பதில்லை. கையை மடக்குகிறான், அவ்வளவுதான். அந்தச் செய்கை அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பேச்சில் பந்தாவுக்கே பெயராகி, ராப் பாடல்களில் ஏறியது. 1992இல் வெளிவந்த ஐஸ் கியூப்பின் பாட்டொன்றில் அது இருக்கிறது. 2014இல் ‘நோ ஃப்ளெக்ஸ் ஸோன்’ என்று பாட்டின் தலைப்புக்கே வந்துவிட்டது. நம் ஊரில் வளைந்தால் பணிவு. அங்கே வளைவதற்கான சொல்லே விறைத்து நிற்பதற்கு ஆகிவிட்டது!

ஆங்கிலத்தில் இதற்கு வேறு சொல் இல்லாமல் இல்லை. ‘போஸ்ட்’ (boast) செய்ய வாய் வேண்டும். ‘ஃப்ளான்ட்’ செய்ய நகையோ காரோ, கையில் ஏதாவது ஒன்று வேண்டும். ஃப்ளெக்ஸுக்கு இவற்றைவிட முக்கியமாக எதிராளி வேண்டும். இன்னார் ‘மேல்’ ஃப்ளெக்ஸ் பண்ணினான் என்றே சொல்கிறார்கள். யாரோ ஒருவர் வயிறெரிய வேண்டும். இல்லாததை இருப்பதாகக் காட்டினாலும் அதே சொல்தான். அந்த இடத்தில் நம் ‘சீன் போடுறான்’, ‘படம் காட்டுறான்’ இரண்டும் கச்சிதமாக உட்காரும். ‘பீத்திக்கிறான்’ உட்காராது, அது முழுக்க வாய் வேலை.

நம் ஆட்கள் ராப் கேட்டா இதைக் கற்றார்கள்? பேனர் அச்சடிக்கும் கடையில் ஒருநாள் அரைமணி நேரம் காத்திருந்தேன். பிறந்தநாள் பேனருக்கு வந்த தம்பி கணினித் திரையைத் தொட்டுக் காட்டி, “அண்ணே, கூலிங் கிளாஸ் போட்டுவிடுங்க” என்றார். போட்டார்கள். “பின்னாடி ஒரு சிங்கம்.” வந்தது. கீழே வாழ்த்தும் நண்பர்களின் முகங்கள் தபால்தலை அளவில் வரிசை கட்டின. அதில் ஒரு முகம் மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று அடுத்த பஞ்சாயத்து. 2017இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று உத்தரவிட்டார். உயிரோடு இருப்பவர் பார்த்து ரசிக்கத்தானே பேனரே? அந்தச் சிங்கம் இன்னும் தெருவில்தான் நிற்கிறது.

ஷூவுக்கு வருகிறேன். பக்கவாட்டில் இருக்கும் குறியைப் பார்த்ததும் விலை தெரிகிறவர்களிடம்தான் இந்த வித்தை பலிக்கும். அன்று திண்ணையில் என் அம்மா மட்டும்தான் அவனைக் கவனித்துக்கொண்டிருந்தார். கால்மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

“ஏண்டா, அப்போலேருந்து காலையே பிடிச்சிட்டு உக்காந்திருக்க, சுளுக்கா? எண்ணெய் காய்ச்சி எடுத்துட்டு வரவா?”