திறந்த வெளியில் உறங்கும் மான்கள்

குமணவில் வில்லு எனும் நீர்நிலைகளைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் பொழுதுபடும் நேரத்தில் ஒரு விடயத்தைக் கவனிக்கலாம். பகல் முழுவதும் பற்றைக்காட்டு நிழலில் கலைந்து நின்ற புள்ளிமான்கள், இருள் கட்டத் தொடங்கியதும் காட்டுக்குள் ஒதுங்குவதில்லை. வெட்டவெளிக்கு வருகின்றன. கூட்டமாகப் படுத்து அசைபோட்டபடி இரவைக் கழிக்கின்றன. ஒளிந்துகொள்ள அவ்வளவு பற்றை இருக்கும்போது எதற்காக மறைவே இல்லாத இடத்தில் வந்து படுக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். மானின் கணக்கு வேறு. மறைவு அதற்கு மட்டும் சொந்தமில்லை, சிறுத்தைக்கும் சொந்தம்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, பொத்துவில், பாணமை எனத் தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் போனால் உகந்தை. முருகன் கோயிலைத் தாண்டியதும் குமண தேசிய பூங்கா தொடங்கிவிடும். 35,000 ஹெக்டேயருக்குச் சற்று அதிகமான இந்தக் காடு முன்பு யால கிழக்கு என்று அழைக்கப்பட்டது. தெற்கில் கும்புக்கன் ஓயா எல்லை, அதற்கப்பால் யால. யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை பூட்டிக் கிடந்தது. நம்மவர்களில் பலருக்குக் குமண என்றால் பறவைகளும் யானையும்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒவ்வோர் இரவும் நடக்கும் வேட்டைக்கும் தப்பித்தலுக்கும் பின்னால் எவ்வளவு விஞ்ஞானம் இருக்கிறது என்பதை நாம் பேசியதே குறைவு.

வேட்டையாடும் பிராணிக்கும் இரைக்கும் உள்ள உறவைப் பற்றி உலகம் அதிகம் பேசியது அமெரிக்காவின் யெலோஸ்டோனை வைத்துத்தான். அங்கே 1926ஆம் ஆண்டளவில் கடைசி ஓநாய்களும் கொல்லப்பட்டுவிட்டன. பிறகு எல்க் எனும் பெரிய மான்கள் பெருகின. 1995, 1996ஆம் ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்க் குறைந்தது, மான்கள் பயந்து ஆற்றோரங்களை விட்டு விலகின, வில்லோ மரங்கள் தழைத்தன, ஆறுகளின் போக்கே திருந்தியது என்ற கதை உலகமெங்கும் பரவியது. கேட்பதற்கு இனிமையான கதை. ஆனால் கள ஆய்வு அதை அப்படியே ஏற்கவில்லை. எல்க் குறைந்ததில் ஓநாயுடன் கரடிக்கும் மலைச்சிங்கத்துக்கும் பூங்காவுக்கு வெளியே சுட்ட வேட்டைக்காரருக்கும் வறட்சிக்கும் பங்கிருந்தது. கொலராடோ அரச பல்கலைக்கழகத்தின் ஹொப்ஸ் குழு 20 ஆண்டுகள் நடத்திய பரிசோதனையின் முடிவு 2024இல் வெளிவந்தது. ஓநாய் திரும்பியதால் மட்டும் வில்லோக்கள் மீளவில்லை. பீவர்கள் கட்டி நீரைத் தேக்கிய அணைகள் இல்லாமற்போனதால் தாழ்ந்த நிலத்தடி நீர் தாழ்ந்தபடியே இருந்தது.

அச்சத்தைப் பற்றிய பகுதியும் திருத்தப்பட்டது. ஓநாய் வந்தபின் எல்க் மேய்ச்சலைக் குறைத்துத் தலைதூக்கிப் பார்ப்பதில் அதிக நேரம் செலவிடுகிறது என்று 2001இல் ஜோன் லோண்ட்ரே குழு காட்டியது. ‘அச்சத்தின் நிலப்பரப்பு’ என்ற சிந்தனை பிரபலமானது அதன் பிறகுதான். இரையின் மனதில் காடு ஒரே மாதிரி இல்லை, ஆபத்தான மேடும் பாதுகாப்பான பள்ளமுமாக அது பிரிந்து கிடக்கிறது என்பது அதன் சாரம். 2018இல் கோல் குழு இன்னொன்றைக் கண்டது. யெலோஸ்டோன் ஓநாய்கள் விடியலிலும் அந்தியிலுமே அதிகம் வேட்டையாடுகின்றன. அவை ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து எல்க், ஆபத்தான இடத்துக்குள்ளும் போய் மேய்ந்துவிட்டு வருகிறது. இடத்தைவிட நேரம் முக்கியம்.

ஓநாய்கள் இரையைத் துரத்தி ஓடவைத்துப் பரீட்சிக்கும் கூட்டம். எந்தக் குட்டி பின்தங்குகிறது, எந்தக் கிழம் மூச்சு வாங்குகிறது என்பதை ஓட்டத்தில்தான் அவை கண்டுபிடிக்கின்றன. பெரும்பாலான துரத்தல்கள் தோல்வியில் முடியும். அப்படிப்பட்ட வேட்டைக்கு எந்த வெளியும் பொருந்தும், ஆகவே ‘இந்த இடம் மட்டும் ஆபத்து’ என்று எல்க் குறித்துவைப்பதில் அதிகப் பயனில்லை. சிறுத்தையோ தனியாள். பதுங்கிப் பதுங்கிச் சில மீற்றர் அண்மைக்கு வந்து, ஒரே பாய்ச்சலில் கழுத்தைக் கவ்வ வேண்டும். அது தவறினால் நீண்ட தூரம் துரத்தாது. ஆரோக்கியமான மான்கூடப் பற்றையோரம் நின்றால் இரை, நோய்ப்பட்டதுகூட வெட்டவெளியில் நின்றால் ஓரளவு தப்பும். ஆகவே அச்சத்தின் நிலப்பரப்பு என்ற அந்தச் சிந்தனை, அது பிறந்த யெலோஸ்டோனைவிட நமது குமணக் காட்டுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

இந்த இரண்டு உலகங்களையும் பார்த்த ஓர் ஆய்வாளர் இருக்கிறார். அன்ட்ரூ கிட்டில் கனடாவின் ஒன்ராறியோவில் ஓநாய் அச்சம் மூஸ், எல்க், வெள்ளைவால் மான் ஆகிய மூன்றையும் எப்படி நகர்த்துகிறது என்று ஆராய்ந்து 2008இல் கட்டுரை எழுதியவர்களில் ஒருவர். மூன்றும் ஒரே மாதிரி நகரவில்லை, எவ்வளவு பரப்பை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தும் விடை மாறியது. அதே கிட்டிலும் அஞ்சலி வட்சனும்தான் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இலங்கைச் சிறுத்தையை யாலவிலும் வில்பத்துவிலும் மலைநாட்டிலும் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். அவர்களுக்கு முன்பே, 1970களின் தொடக்கத்தில் ஐசன்பேர்க்கும் லொக்ஹார்ட்டும் வில்பத்துவைப் பற்றி எழுதிய நூல் இன்றும் அடிப்படையாக இருக்கிறது.

இலங்கைச் சிறுத்தையின் நிலை உலகில் அரிதானது. கர்நாடகத்தின் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்தும் மெல் சன்குவிஸ்ட்டும் 1995இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அங்கே புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் ஒரே காட்டில் வாழ்கின்றன. புலி கொல்லும் இரையின் சராசரி எடை 90 கிலோவுக்குச் சற்று மேல், சிறுத்தையினது 40 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. புலிக்கு அஞ்சிச் சிறுத்தை ஒதுங்கி வாழ வேண்டும். நமது தீவிலும் ஒருகாலத்தில் புலியும் சிங்கமும் இருந்ததைப் புதைபடிவங்கள் சொல்கின்றன. இன்று அவை இல்லை, ஓநாயோ செந்நாயோ இல்லை. நாய்க் குடும்பத்தில் காட்டில் மிஞ்சியிருப்பது வயல்வெளிகளில் ஊளையிடும் நம் நரி மட்டுமே. சிறுத்தைக்கு மேலே யாருமில்லை. தாழ்நிலக் காடுகளில் அதன் முதன்மை இரை புள்ளிமான். மலைநாட்டில் மரை. இடையில் பன்றிக்குட்டி, மந்தி, முயல், சருகுமான், முள்ளம்பன்றி என்று கிடைப்பதெல்லாம் இரைதான்.

சிறுத்தை எதைத் தின்றது என்பதை எப்படி அறிகிறார்கள்? பெரும்பாலும் அதன் எச்சத்திலிருந்து. காட்டுப்பாதைகளின் நடுவில், எல்லை குறிப்பதற்காகவே போட்டதுபோல, மயிர் திரண்டு முறுக்கிய எச்சம் கிடக்கும். அதைக் காயவைத்துச் சல்லடையில் நீர்விட்டுக் கழுவினால் செரித்த கழிவெல்லாம் போய் மயிரும் எலும்புத் துண்டும் குளம்பும் மிஞ்சும். மயிர் செரிமானமாவதில்லை. ஒரு மயிரை நுணுக்குக்காட்டியில் வைத்தால் வெளிப்புறச் செதில்களின் அடுக்கும் நடுவில் ஓடும் தண்டின் அமைப்பும் தெரியும். மானுக்கு ஒரு மாதிரி, மந்திக்கு ஒரு மாதிரி, பன்றிக்கு இன்னொரு மாதிரி. கையில் ஏற்கெனவே உள்ள மாதிரி மயிர்களுடன் ஒப்பிட்டு இன்னதென்று சொல்லலாம். இதில் ஒரு பொறி உண்டு. சிறிய பிராணியில் உடல் எடைக்கு மயிர் அதிகம், ஆகவே ஒரு கிலோ முயல் தின்றால் வரும் எச்சங்கள் ஒரு கிலோ மான் தின்றால் வருவதைவிடக் கூடுதல். வெறுமனே எச்சங்களை எண்ணினால் சிறுத்தை முயல்களையே தின்று வாழ்கிறது என்று தோன்றிவிடும். அதற்கான திருத்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் புள்ளிமான் எவ்வளவு முக்கியம் என்பது தெளிவாகிறது.

மான்களும் சும்மா இருப்பதில்லை. மரத்தின் மேல் மந்திகள் தின்று சிந்தும் இலையையும் காயையும் கீழே மான் மேய்கிறது. மேலிருந்து மந்தி தூரத்தைப் பார்க்கிறது, கீழிருந்து மான் வாடையை உணர்கிறது. எது முதலில் கண்டாலும் எச்சரிக்கைக் குரல் எழும். மான் வாலை உயர்த்தி, முன்காலால் நிலத்தை உதைத்து, கூர்மையாகக் கத்தும். தன்னை இரை கண்டுவிட்டது என்று தெரிந்தால் சிறுத்தை பெரும்பாலும் எழுந்து நடந்துபோய்விடும். பதுங்குவதுதான் அதன் முழுப் பலம்.

இந்த அச்சம் இல்லாவிட்டால் மான் எப்படி மாறும் என்பதைப் பார்க்கத் திருகோணமலைக்குப் போகலாம். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயில் போகும் பாதையிலும் புள்ளிமான்கள் ஆட்களுக்கு நடுவே நடக்கின்றன, நகரத் தெருவோரக் குப்பையில் வாய்வைக்கின்றன. பொலித்தீனைத் தின்று செத்தவையும் உண்டு. அதே இனம், அதே உடம்பு. தலையைத் தூக்கிக் காற்றை மோந்து பார்க்கும் அந்தப் பழக்கம் மட்டும் தளர்ந்துவிட்டது.

ஆனால் குமணவில் மான்களின் தொகையைச் சிறுத்தை மட்டும் தீர்மானிப்பதாக எண்ணிவிடக்கூடாது. யெலோஸ்டோன் கற்றுத் தந்த பாடம் அதுதான். நமக்கு மாரி மழை கார்த்திகை தொடங்கித் தை வரை. அதன்பின் நீளும் கோடையில் ஆவணி, புரட்டாதி வரும்போது பல குளங்கள் சேறாகிவிடும். மிஞ்சிய நீர்நிலையில் மானும் வருகிறது, முதலையும் காத்திருக்கிறது, சிறுத்தையும் வருகிறது. புல் காய்ந்து மெலிந்த மான்களைப் பசியே கொண்டுபோகும். சிறுத்தை இல்லாவிட்டாலும் அவற்றில் பல அடுத்த மாரியைக் கண்டிருக்காது.

எனக்கு மிகவும் கவலை தருவது மனிதனின் வேட்டை. மான் வெட்டவெளிக்கு வந்து உறங்குவது சிறுத்தைக்கு எதிரான அறிவு. தலையில் லைட் கட்டிக்கொண்டு துவக்குடன் வருபவனுக்கு அதே வெட்டவெளிதான் வசதி. ஒளி பட்டதும் வரிசையாகக் கண்கள் மின்னும், மான் ஓடாமல் திகைத்து நிற்கும். பல்லாயிரம் ஆண்டுகளில் தேறிய ஒரு தற்காப்பு, பாதுகாப்பாக இருந்த இடத்தையே கொலைக்களமாக்கிக் கொடுக்கிறது. எந்தச் சிறுத்தையாலும் ஓரிரவில் ஒரு கூட்டத்திலிருந்து பல மான்களை எடுத்துப்போக முடியாது, துவக்கால் முடியும். 1937இன் வனஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதைத் தடுக்கிறது. ஆனாலும் நமது ஊர்களில் மான் இறைச்சி என்றால் ஒரு மவுசு இருக்கத்தான் செய்கிறது, விருந்தாளிக்கு அதைக் கொடுப்பதைப் பெருமையாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். மான் ஹலாலான பிராணி என்பதில் சந்தேகமில்லை. அது சட்டத்தை மீறுவதற்கான அனுமதி ஆகாது. அதுவும் சுருக்கில் மாட்டிக் கழுத்து நெரிபட்டுச் செத்த பிராணி நமக்கு ஹராம் என்பதைப் பிள்ளைகள்கூட மதரசாவில் படிக்கிறார்கள்.

சுருக்கு என்றதும் பன்றியின் ஞாபகம் வரும். வயற்காரனின் வேதனை உண்மையானது. கதிர் வந்த வட்டையில் ஓரிரவு பன்றிக் கூட்டம் இறங்கினால் ஒரு போகத்தின் உழைப்பு போய்விடும். அதற்காக வேலியோரம் கட்டும் கம்பிச் சுருக்கில் பன்றியைத் தேடி வரும் சிறுத்தையும் விழுகிறது. 2020 மே மாதம் மலைநாட்டில், நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாட்களில் அது இறந்தது. பன்றிக் குட்டிகளைத் தின்று குறைக்கும் பிராணியைப் பன்றிக்கு வைத்த கம்பியால் இழப்பது வயற்காரனுக்கே நட்டம். வயலைச் சேர்ந்து காக்கும் இரவுக் காவலும் பரணும் மின்விளக்கும் கம்பியைவிடச் செலவு கூடியவை. அந்தச் செலவில் அரசு பங்கெடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. அங்கிருந்து காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் உகந்தையில் நிற்கலாம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு நம் மாணவர்கள் தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, பெரிய பணமும் தேவையில்லை. வீதியில் அடிபட்டும் வறட்சியிலும் செத்த பிராணிகளிலிருந்து மயிர் சேகரித்து ஒரு மாதிரித் தொகுப்பை உண்டாக்கலாம். பிறகு மான்கள் இரவில் எங்கே படுக்கின்றன என்பதை நிலவு நாளிலும் இருட்டு நாளிலும், பூங்காவுக்கு உள்ளேயும் பாணமைப் பக்கத்து எல்லைக்கு வெளியேயும் எண்ணி ஒப்பிடலாம். துவக்குச் சத்தம் கேட்கும் பக்கத்தில் மான்கள் வெட்டவெளியைக் கைவிட்டுப் பற்றைக்குள் திரும்புகின்றனவா என்பது அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும். அப்படித் திரும்புகின்றன என்றால், அங்கே சிறுத்தைக்குக் கிடைக்கும் இரை கூடுகிறதா குறைகிறதா என்பதை எச்சங்களே சொல்லும்.