கணினி விளையாட்டில் கதைமாந்தர் இயல்பும் கதைப்போக்கும்: 'வெண்பா'வை முன்வைத்து

கதைமாந்தர் தத்தம் இயல்பில் வழுவாது நடத்தல் வேண்டும். கதைப்போக்கோ அவர்களைத் தன் தேவைக்கேற்ப இழுத்துச் செல்லும். இவ்விரண்டுக்கும் இடையே எழும் முரண் கதை சொல்லும் கலைக்குப் புதியதன்று. மறைந்து நின்ற இராமனின் அம்பால் வாலி வீழ வேண்டும் என்பது இராமகாதையின் கதைத் தேவை. அறத்தின் நாயகனாகக் காட்டப்பெற்ற ஒருவனுக்கு இச்செயல் பொருந்துமா என்னும் வினாவைக் கம்பர் மறைக்கவில்லை. வீழ்ந்த வாலியின் வாயிலாகவே அதனை எழுப்பி நெடிய உரையாடலாக விரிக்கிறார். படிப்போர் உடன்படலாம், மறுக்கலாம். எய்த அம்பைத் திரும்பப் பெற இயலாது.

கணினி விளையாட்டில் அந்த அம்பு படிப்பவர் கையிலேயே கொடுக்கப்படுகிறது. நாயகன் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதை ஆசிரியர் ஒருபுறமும் ஆடுபவர் மறுபுறமும் தீர்மானிக்கின்றனர். 2007-ஆம் ஆண்டில் விளையாட்டு வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 'பயோஷாக்' என்னும் விளையாட்டைத் திறனாய்ந்தபோது, ஆட்டத்தின் விதிகள் தன்னலத்தைத் தேர்ந்துகொள்ள இடந்தருகையில் கதை பிறனொருவனுக்கு உதவுவதைத் தவிர வேறு வழி தருவதில்லை எனச் சுட்டிக்காட்டினார். ஆட்டத்திற்கும் கதைக்கும் இடைப்பட்ட இம்முரண் பின்னர் இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. இக்கட்டுரை இச்சிக்கலைத் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் கதைக்களமாகக் கொண்ட ஒரு விளையாட்டின் வழி ஆராய்கிறது.

'வெண்பா' கனடாவின் டொரான்டோ நகரைச் சார்ந்த விசை கேம்ஸ் நிறுவனத்தின் படைப்பு. 2023 ஜூலையில் வெளிவந்தது. 2024-இல் சார்பற்ற படைப்பாளர்க்கான விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும், அதே ஆண்டில் முதற்படைப்புக்கான பாப்டா விருதையும் பெற்றது. 1980-களில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் ஆகியோரே கதைமாந்தர். ஆடுபவர் செய்யவேண்டிய வேலை சமையல். வெண்பாவின் தாய் தந்த சமையற்குறிப்பேடு சிதைந்துள்ளது. விடுபட்ட படிகளை ஊகித்து உணவைச் சமைத்து முடிக்க வேண்டும். (சிதைந்த ஏட்டில் விடுபட்டதை ஊகித்தறிதல் நம் பதிப்பாசிரியர்கள் நன்கறிந்த வேலைதான்.) உரையாடலில் சில இடங்களில் மறுமொழியைத் தேர்ந்துகொள்ளலாம். எதைத் தேர்ந்தாலும் கதையின் போக்கு மாறுவதில்லை.

இதனைக் குறை என்போர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அயல்நாட்டில் மகனைத் தமிழோடு வளர்க்க முயலும் ஒரு தாய் சினத்தோடு பேசலாம், தளர்ந்து பேசலாம். மகன் விலகிச் செல்வதை ஒரு சொல்லால் தடுத்துவிட முடியாது. ஆடுபவர் தேர்வது சொல்லின் தொனியை மட்டுமே என்பதால் எந்தத் தேர்விலும் வெண்பா வெண்பாவாகவே இருக்கிறாள்.

எனினும் ஓரிடத்தில் இயல்பு ஆட்டத்திற்கு விட்டுக்கொடுக்கிறது. தொடக்கப் பகுதியில் இட்டலித் தட்டுகளை ஆவி தடையின்றி ஏறும்படி எவ்வாறு அடுக்குவது என்பது புதிராக வைக்கப்படுகிறது. தமிழகத்திலிருந்து சென்ற ஒரு பெண்ணுக்கு இது தெரியாமற்போகுமா? தெரியாதவர் ஆடுபவரே. அவருடைய அறியாமையை வெண்பாவின் மேல் ஏற்றுவதற்குச் சிதைந்த ஏடு ஒரு திரையாகப் பயன்படுகிறது. நயமான திரைதான், ஆயினும் திரையே. பிற்பகுதியில் வளர்ந்த கவின் தாயின் குறிப்பைக் கையிலெடுத்துத் தமிழ் எழுத்தில் தடுமாறும்போது இந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. அவனுக்கும் தெரியாது, ஆடுபவருக்கும் தெரியாது. கதை கேட்பதும் ஆட்டம் கேட்பதும் மாந்தரின் இயல்பும் ஒன்றாகிவிடும் அவ்விடமே இவ்விளையாட்டின் மிகச்சிறந்த பகுதி என்பது என் கருத்து.

இனி மொழியியல் நோக்கில் இச்சிக்கலைக் காணலாம். அகத்திணை மாந்தர் யார், எச்சூழலில், யாரிடம் பேசுதற்குரியர் என்பதைத் தொல்காப்பியம் 'கூற்று' என்னும் கருத்தால் வகுத்துரைக்கிறது. மாந்தரின் இயல்பு அவர்தம் கூற்றின் எல்லையிலேயே புலப்படும் என்பது இதனாற் பெறப்படும். கணினி விளையாட்டில் திரையில் தோன்றும் மறுமொழிகளின் பட்டியலும் ஒருவகைக் கூற்று வரையறையே. பட்டியலில் எது இல்லை என்பதே அம்மாந்தர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது.

தமிழில் இவ்வரையறை சொல்லளவில் நிற்பதில்லை, விகுதிவரை செல்கிறது. ஒருவரை உயர்வு கருதிப் பன்மையாற் கூறுவது வழக்கில் உண்டு என்பதைத் தொல்காப்பியச் சொல்லதிகாரமே குறிப்பிடுகிறது. இன்றைய தமிழில் பல வீடுகளில் மகன் தாயை 'நீ' என்றும் தந்தையை 'நீங்கள்' என்றும் விளிக்கிறான். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற ஒரு விளையாட்டைத் தமிழாக்கும்போது மகன் தந்தையோடு சினந்து பேசும் கிளையில் 'நீ' என்று எழுதலாம், 'நீங்கள்' என்றே விட்டுச் சொற்களால் சினத்தைக் காட்டலாம். எதை எழுதினாலும் கிளைகள் மீண்டும் ஒன்றுகூடும் இடத்தில் ஒரே தொடர்தான் இருக்கும். சினந்த கிளையில் 'நீ' என்றவன் அடுத்த தொடரில் 'நீங்கள்' என்றால் அவன் சமாதானமாகிவிட்டான் என்று பொருள்படும். கதையில் அப்படியொரு சமாதானமே நிகழ்ந்திராது. ஆங்கில மூலத்தில் இல்லாத ஒரு நிகழ்ச்சியை விகுதி படைத்துவிடுகிறது.

தில்லியில் இருப்போர்க்கு இந்தியோடு ஒப்பிட்டுக் காண்பது எளிது. இந்தியில் முன்னிலை மதிப்பு 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று படிகளாக அமைய, தமிழில் பெரும்பாலும் இரண்டே. நாயகன் ஆணா பெண்ணா என்பதை ஆடுபவரே தேர்ந்துகொள்ளும் விளையாட்டுகளில் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. 'நான் வந்தேன்' என்னும் தமிழ்த் தொடர் இருபாலுக்கும் பொது. இந்தியில் ஆண் 'ஆயா' என்றும் பெண் 'ஆயீ' என்றும் தன்மையிலேயே பால் காட்ட வேண்டும். படர்க்கையிலோ இந்தியின் 'வஹ' என்னும் பெயர் பால் காட்டாது. தமிழ் 'அவன்', 'அவள்' எனப் பிரிந்தே தீரும். எனவே நாயகன் தானே பேசும் பகுதிகளைத் தமிழில் ஒருமுறை எழுதினாற் போதும். பிறர் அவனைப் பற்றிப் பேசும் பகுதிகளை இருமுறை எழுத வேண்டும். 'வந்தார்' என மதிப்புப் பன்மையில் எழுதித் தப்பிக்கும் மொழிபெயர்ப்பாளர் உண்டு. அப்போது பகைவனும் நாயகனை மதித்துப் பேசத் தொடங்கிவிடுகிறான்!

இங்குள்ள தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் பயிலும் மாணவர் பலர்க்குத் தெருவிலும் விளையாட்டுத் திடலிலும் வழங்கும் மொழி இந்தி. தமிழ் வீட்டில் வழங்குவது. கவினின் நிலைக்கும் இவர்தம் நிலைக்கும் தொலைவு மிகுதியில்லை. பாடநூலுக்கு வெளியே இவர்கள் தமிழை எழுத்தில் காணும் வாய்ப்பு அரிது. விளையாட்டுத் திரை அத்தகைய ஒரு வாய்ப்பாகுமாயின், தந்தையை எவ்வாறு விளிப்பது, சினத்தில் விகுதி எங்கே மாறும், எங்கே மாறாது என்பனவற்றை அத்திரையிலிருந்தும் கற்பர்.

மொழிபெயர்ப்பாளர் கைக்கு உரையாடல் பெரும்பாலும் தனித்தனித் தொடர்களின் அட்டவணையாகவே வந்து சேர்கிறது. அதில் ஒவ்வொரு தொடருக்கும் எதிரே பேசுபவர், கேட்பவர், இருவருக்கும் உள்ள உறவு, எந்தத் தேர்வுக்குப் பின் அத்தொடர் வரும் என்னும் நான்கு குறிப்புகள் இருத்தல் வேண்டும். நான்காவதே பெரும்பாலும் விடுபடுவது. தமிழ் விகுதிக்கு முதலில் தேவைப்படுவதும் அதுவே.