தொடக்கத் திரையில் எது தெரிய வேண்டும்?

லினக்ஸ் ஏற்றப்பட்ட கணினியை இயக்கியதும், அதன் மையப் பகுதியான கெர்னல் தான் செய்யும் வேலைகளை வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போகிறது. நினைவகம் எவ்வளவு, எந்தச் செயலி, எந்த வட்டு கிடைத்தது, வைஃபைக்கான டிரைவர் ஏறியதா என்று ஒரு சாதாரண மடிக்கணினியிலேயே இது ஆயிரம் வரியைத் தொட்டுவிடும். இவற்றில் எவை திரைக்கு வர வேண்டும் என்பதை யாரோ முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். பயனர்களில் பெரும்பாலோர் அந்த அமைப்பைத் தொடவே மாட்டார்கள். ஆகவே, தயாரித்தவர் எதை வைத்துக் கொடுத்தாரோ அதுவே அவர்களுக்கு நிரந்தரம்.

கெர்னல் ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஓர் எண்ணைத் தருகிறது. 0 என்றால் கணினி இனி இயங்காது என்ற நிலை, 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 நிரல் எழுதுபவர்களுக்கு மட்டுமே உதவும் பிழைதேடல் குறிப்பு. எண் குறையக் குறையத் தீவிரம் கூடும். இந்த வரிசை 1980-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் எரிக் ஆல்மன், தம் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக உருவாக்கிய சிஸ்லாக் என்ற பதிவு முறையிலிருந்து வந்தது.

திரைக்கென்று தனியாக ஒரு வரம்பு எண் உண்டு. அதைவிடக் குறைந்த எண்ணுள்ள செய்திகளே கண்ணில் படும். கெர்னலை எழுதுபவர்கள் இயல்பாக வைத்திருப்பது 7. அதாவது பிழைதேடல் குறிப்புகளைத் தவிர எல்லாமே வரும். அதை எடுத்து மக்களுக்குத் தரும் உபுண்டு, ஃபெடோரா போன்ற விநியோகங்கள், கெர்னலைத் தொடங்கும் பூட் கட்டளையில் ‘கொயட்’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்கின்றன. விநியோகத்தார் வேறாக அமைக்காவிட்டால், உடனே வரம்பு 4 ஆகிவிடும். பிழைகளும் அவற்றைவிடத் தீவிரமானவையும் மட்டும் தெரியும், எச்சரிக்கைகள் மறைந்துவிடும்.

திரையில் மறைந்தது அழிந்துபோகவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். வரம்பு எண் காட்சிக்கு மட்டுமே பொருந்தும். திரைக்கு வராத செய்திகளும் நினைவகத்தில் ஒரு வட்டப் பதிவில் சேர்கின்றன. இடம் தீர்ந்தால் பழைய வரிகளின் மேல் புதியவை எழுதப்படும். கணினி முழுதாக எழுந்த பிறகு ‘டிமெஸ்ஜி’ கட்டளையால் அவற்றைப் படிக்கலாம். கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளால் அவற்றை வட்டிலும் சேமித்து வைக்க முடியும். எனவே அன்றாடம் நல்லபடியாக எழும் கணினியில் திரையை அமைதியாக வைப்பதால் எந்த இழப்பும் இல்லை.

சிக்கல், கணினி எழாதபோதுதான். வட்டு இணைக்கப்படும் முன்பே அது நின்றுவிட்டால், நினைவகத்தில் இருந்த பதிவு மின்சாரத்தோடு போய்விடும். அப்போது திரையில் இருப்பதுதான் ஒரே சாட்சி. மூல வட்டுப் பகுதி கிடைக்காமல் கெர்னல் கைவிரிக்கும்போது அந்தக் கடைசி அறிவிப்பு, வரம்பு எதுவானாலும் தெரியும். ஆனால் அது ஏன் கிடைக்கவில்லை என்பதற்கான விடை பெரும்பாலும் அதற்கு முந்தைய தகவல் வரிகளில் இருக்கும். வட்டைக் கண்டதாகச் சொல்லும் வரி அங்கே இல்லையென்றால், டிரைவர் ஏறவில்லை என்றோ கேபிள் பழுது என்றோ ஊகிக்கலாம். வர வேண்டிய வரி வராததே தடயமாகும். எல்லாவற்றையும் மறைத்த திரையில் அந்தத் தடயத்தைக் காண வழியில்லை. எந்த அறிவிப்பும் இல்லாமல் கணினி உறைந்துபோனால் நிலைமை இன்னும் மோசம். கடைசியாக எந்த வேலை நடந்தது என்பதைக் கூட அறிய முடியாது.

அப்படியானால் எல்லாவற்றையும் காட்டிவிடலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. சர்வர்களிலும் சிறு கருவிகளிலும் செய்திகள் சீரியல் இணைப்பு வழியாகப் போவது வழக்கம். விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் சுமார் 960 எழுத்துகள்தான் செல்லும். எண்பதாயிரம் எழுத்து கொண்ட பதிவுக்கு 83 விநாடி ஆகும். 1,15,200 பிட் வேகத்தில் 7 விநாடி. மரபான கெர்னல் அமைப்பில், ஒரு வரி வெளியேறும்வரை அதைச் சொன்ன நிரலே காத்திருக்க நேரும். பேச்சு கூடினால் பூட் ஆகும் நேரமும் கூடும்.

வரம்பு எவ்வளவு கவனமாக வைக்கப்பட்டாலும், செய்திகளுக்கு எண் தருபவர்கள் தவறினால் அது பயன்படாது. கணினியோடு வரும் அடிப்படை மென்பொருளான பயாஸில் உள்ள சிறு குறைகளைக்கூட, அதனிடமிருந்து வன்பொருள் விவரங்களைப் பெறும் கெர்னலின் ஏசிபிஐ பகுதி ‘பிழை’ என்று அறிவிக்கும். கணினியோ வழக்கம்போல் இயங்கும். இத்தகைய வரிகள், ‘கொயட்’ இருந்தும் ஃபெடோராவின் தொடக்கப் படத்தை ஊடறுத்தன. அதனால் 2018-இல் ரெட் ஹாட் நிறுவனத்தின் ஹான்ஸ் டி கோட், ‘கொயட்’டின் வரம்பை விநியோகத்தாரே தீர்மானிக்கும்படி கெர்னலை மாற்றினார், ஃபெடோரா அதை 3 ஆக்கியது. திரை அமைதியானது உண்மைதான். ஆனால் பொய்ப் பிழைகளோடு மெய்ப் பிழைகளும் மறைந்தன. தவறான எண்ணைத் தந்த நிரலைத் திருத்துவதே நேரான வழி. ஆயிரக்கணக்கான டிரைவர்களில் அதைச் செய்து முடிப்பது எளிதல்ல என்பதால், விநியோகத்தாரைக் குறை சொல்லவும் முடியாது.

எதிர் முனையிலும் அனுபவம் உண்டு. பூட் கட்டளையில் ‘டீபக்’ என்று எழுதினால் கெர்னல் எல்லாவற்றையும் காட்டும். சிஸ்டம்டியும் அதே சொல்லைத் தனக்கான ஆணையாக எடுத்துக்கொண்டதால், 2014-இல் அதன் செய்திகள் கெர்னல் பதிவில் வெள்ளமாகக் கொட்டிக் கணினி எழாமல் போனதும், இரு தரப்பு நிரலாளர்களும் கடுமையாக மோதிக்கொண்டதும் நடந்தன. பின்னாளில், வெளி நிரல்கள் கெர்னல் பதிவில் எழுதும் வேகத்துக்கே கட்டுப்பாடு வந்தது.

பாதுகாப்பும் கணக்கில் வர வேண்டும். தொடக்கச் செய்திகளில் நினைவக முகவரிகள் வெளிப்பட்டால் ஊடுருவுபவருக்கு அது வழிகாட்டி. 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பு முதல், சாதாரணமாக அச்சிடப்படும் முகவரிகளைக் கெர்னல் உருமாற்றியே காட்டுகிறது.

மாறாத ஓர் எண்ணைவிட நல்ல ஏற்பாட்டை சிஸ்டம்டி காட்டியிருக்கிறது. ‘கொயட்’ இருக்கும்போது அது தன் சேவைகளின் நிலையைச் சொல்வதில்லை. ஏதேனும் ஒரு சேவை தோற்றாலோ, தொடக்கம் குறிப்பிடத்தக்க அளவு தாமதித்தாலோ, தானாகவே சொல்லத் தொடங்கும். மடிக்கணினிகளுக்கு இதுவே பொருத்தமான இயல்புநிலை. ஆளில்லாத அறையில் ஓடும் சர்வருக்கு 7 அல்லது அதற்கு அருகிலான வரம்பு ஏற்றது. அதன் வெளியீட்டை வேறொரு கணினி பிடித்து வைத்துக்கொள்ளும்.

எழாத கணினியின் முன் இருப்பவர் இயல்புநிலையை ஒரே ஒரு முறைக்கு மாற்றிப் பார்க்கலாம். கெர்னலை ஏற்றும் நிரலான கிரப்பின் பட்டியலில் ‘ஈ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் உள்ள ‘கொயட்’, ‘ஸ்பிளாஷ்’ ஆகிய சொற்களை அழித்துவிட்டு, கன்ட்ரோல் விசையுடன் ‘எக்ஸ்’ அழுத்தினால் செய்திகள் திரையில் ஓடும். படம் மட்டும் தெரியும் திரையில் பல விநியோகங்களில் எஸ்கேப் விசையே போதும். கிரப்பில் செய்த மாற்றம் சேமிக்கப்படாது. அடுத்த முறை கணினி பழையபடியே எழும்.