மொபிலிட்டி ஸ்கூட்டரில் வரும் அத்தையோடு தீம் பார்க் போகலாமா? கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

குத்தாலம், மயிலாடுதுறை பக்கமிருந்து சென்னைக்கு வேலைக்குப் போன பிள்ளைகள், லீவுக்கு வீட்டு ஆட்களை வரவழைத்து தீம் பார்க் காட்டுவது இப்போது சகஜம். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா திறந்த பிறகு அந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது. அங்கே ஓடும் ரோலர் கோஸ்டருக்குப் பெயரே 'தஞ்சோரா'. நம்ம ஊர் வாசனை!

ஆனால் வேனில் யார் யார் என்று கணக்குப் போடும்போது ஒரு குரல் மட்டும் பின்வாங்கும். "நான் எதுக்குப்பா, நீங்க போயிட்டு வாங்க." நடக்க முடியாமல் ஸ்கூட்டரில் நகரும் அத்தையோ பெரியப்பாவோதான் அது. வற்புறுத்தி அழைத்துப் போனாலும் பல குடும்பங்களில் நடப்பது இதுதான்: எல்லாரும் ரைடுக்குப் போய்விடுவார்கள், அத்தை செருப்புக்கும் பைக்கும் காவல் இருப்பார்.

கேட்டைத் தாண்டி உள்ளே போவது மட்டும் போதாது. அன்றைய நாளில் அவருக்கும் பங்கு இருக்க வேண்டும். அதற்கு என்னென்ன வேண்டும்?

முதல்ல, எந்த ஸ்கூட்டர்?

டெல்டா ஊர்களில் அதிகம் பார்ப்பது, இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர். தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசே இதை இலவசமாகத் தருகிறது. இது சாலையில் ஓட்டும் வண்டி என்பதால் பார்க்கிங் வரைதான் வரும். உள்ளே சுற்ற சக்கர நாற்காலி தனியாக வேண்டும்.

மொபிலிட்டி ஸ்கூட்டர் வேறு. பேட்டரியில் ஓடும், நடைவேகத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகப் போகும், பிரித்து கார் டிக்கியில் வைக்கும் மாடல்களும் உண்டு. நடைபாதையிலும் கட்டடத்துக்குள்ளும் ஓட்டவே வடிவமைத்தது. போனில் "ஸ்கூட்டர்" என்று மட்டும் சொன்னால் பார்க் ஊழியர் பெட்ரோல் வண்டி என்றே நினைப்பார். "பேட்டரி சக்கர நாற்காலி மாதிரி" என்று சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் போட்டோ அனுப்புங்கள்.

உள்ளே விட மாட்டேன்னு சொல்லலாமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இங்கே உதவும். பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடங்களும் 'பொதுக் கட்டடம்' என்ற வரையறைக்குள் வருகின்றன. பொழுதுபோக்குக்கான இடங்களையும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அதனால் சாய்தளமும் கழிப்பறையும் பார்க் நிர்வாகம் காட்டும் பெருந்தன்மை இல்லை, கடமை. சட்டத்தை மீறினால் முதல் முறை ரூ.10,000 வரை, அடுத்தடுத்த முறை ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரை அபராதம் விதிக்க வழி உண்டு.

ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. அணுகல் வசதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி சட்டத்துக்கு முரணானது என்றது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

சரி, ரைடுல ஏத்த மறுத்தா?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். அதே சட்டம், நியாயமான நோக்கத்துக்காக, அதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் வைக்கும் கட்டுப்பாட்டைப் பாகுபாடாகக் கருதுவதில்லை. ரைடு விஷயத்தில் அந்த நோக்கம் பாதுகாப்பு.

ரைடில் உட்கார ஸ்கூட்டரிலிருந்து சீட்டுக்கு மாற வேண்டும். தோள்பட்டைக் கவசம் அழுத்தும்போது முதுகும் கழுத்தும் தாங்க வேண்டும், கைப்பிடியை இறுகப் பிடிக்க வேண்டும். முக்கியமாக, கரண்ட் போய் ரைடு பாதியில் நின்றால் உயரத்திலிருந்து குறுகலான படியில் இறங்க வேண்டியிருக்கும். "நடக்க முடியுமா?" என்று ஊழியர் கேட்பதற்கு இதுதான் காரணம்.

ஆக, வேகமான ரைடு ஒன்றுக்கு "வேண்டாம்" என்றால் அதில் அர்த்தம் இருக்கலாம். "ஸ்கூட்டர்ல வந்தாலே எந்த ரைடும் கிடையாது" என்றால் அது நியாயமில்லை. எந்த ரைடு, என்ன காரணம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மெதுவாகச் சுற்றும் ராட்டினம், ரயில், ஷோ, 3டி தியேட்டர் எனப் பட்டியல் கொஞ்சமாவது மிஞ்சும்.

வரிசையில் முன்னாடி விடுறது சலுகையா?

அமெரிக்க டிஸ்னி பார்க்குகளில் 2024-ல் ஒரு மாற்றம் வந்தது. வரிசையில் நிற்காமல் காத்திருக்க உதவும் திட்டத்தை, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று சுருக்கினார்கள். சக்கர நாற்காலி, ஸ்கூட்டரில் வருபவர்கள் பெரும்பாலும் எல்லாரோடும் ஒரே வரிசையில் போகிறார்கள். அங்கே பல வரிசைகள் வண்டி திரும்பும் அகலத்தில் கட்டப்பட்டவை.

கம்பி போட்டு வளைத்து வளைத்துக் கட்டிய வரிசையில் ஸ்கூட்டர் திரும்பாது. அப்படிப்பட்ட இடத்தில் வெளியேறும் வழியாக உள்ளே விடச் சொல்வது கெஞ்சல் இல்லை. தயங்காமல் கேட்கலாம்.

டிக்கெட் போடும் முன் போனில் கேளுங்க

- எங்க ஸ்கூட்டரை உள்ளே ஓட்டலாமா? இல்லையென்றால் சக்கர நாற்காலி தருவீங்களா, முன்பதிவு உண்டா?
- படியே இல்லாத வழி எது? சாய்தளம் எவ்வளவு செங்குத்து? (ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதே பொதுவான அளவு.)
- சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை எத்தனை, எங்கே? கதவு அகலம் 90 சென்டிமீட்டர் இருக்கா?
- ஸ்கூட்டரோடு வருபவர் ஏறக்கூடிய ரைடுகளின் பட்டியல் தர முடியுமா?
- துணைக்கு வருபவருக்கு டிக்கெட் சலுகை உண்டா? தனித்துவ அடையாள அட்டை (யுடிஐடி) காட்ட வேண்டுமா?

பதிலை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வாங்கி வையுங்கள். போனில் பேசியவர் ஒருவர், கேட்டில் நிற்பவர் இன்னொருவர்.

பயணம், பேட்டரி

குத்தாலத்திலிருந்து சென்னைப் பக்கம் வர காரில் ஐந்தாறு மணி நேரம் ஆகலாம். அன்றைக்கே போய்த் திரும்புவது அத்தைக்குத் தண்டனை. முந்தைய நாளே வந்து தங்குவது நல்லது. அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருந்தால் இரவே ஃபுல் சார்ஜ் போட்டுவிடலாம். ரயிலில் வந்தால், துணையில்லாமல் பயணிக்க முடியாத மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி போன்ற வகுப்புகளில் 75% கட்டணச் சலுகை உண்டு. ரயில்வே சான்றிதழோ அடையாள அட்டையோ தேவை.

கம்பெனி சொல்லும் கிலோமீட்டர், சமதளத்தில் ஓட்டிய கணக்கு. மேடும் வண்டியில் ஏற்றிய பையும் பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும். இன்னொன்று: சார்ஜ் தீர்ந்தால் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் பிரேக் தானாகவே பூட்டிக்கொள்ளும், தள்ளினாலும் நகராது. அதை விடுவிக்க மோட்டார் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சரிவில் மட்டும் அதைத் தொடவே கூடாது, வண்டி உருண்டுவிடும். சாய்தளத்தில் குறுக்காக ஓட்டினாலும் கவிழும், நேராகவே ஏறி இறங்க வேண்டும்.

ஒத்திகை பார்க்க ஆசையா? பூம்புகாரோ தரங்கம்பாடியோ ஒரு மாலை போய் வாருங்கள். பேட்டரி எவ்வளவு தாங்குகிறது, அத்தை எத்தனை மணி நேரம் உட்கார்வார், கழிப்பறை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தேவை என்பதெல்லாம் புரிந்துவிடும். மணலில் மட்டும் இறக்காதீர்கள், சக்கரம் புதைந்துவிடும்.

வெயில், தண்ணி, கால்

வாட்டர் பார்க் பகுதியில் ஸ்கூட்டர் வேண்டாம். தண்ணீர் பட்டால் அதன் மின்பகுதி போய்விடும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நின்றால் கால் வெந்துபோவதே தெரியாது. செருப்பைக் கழற்றச் சொன்னாலும் நனையக்கூடிய காலணி கேட்டு வாங்குங்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்ட பலருக்கு வியர்வை சரியாகச் சுரக்காது, உடம்பு சீக்கிரம் சூடாகும். மதியம் 12 முதல் 3 மணி வரை ஏசி ஷோக்களுக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

கேட்டா நடக்குமா?

நடக்கும். சென்னை மெரினாவில் டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். கடலைத் தொட்டுப் பார்க்க வருஷத்துக்கு ஒரு வாய்ப்பு. நிரந்தரப் பாதை வேண்டும் என்று விடாமல் கேட்டதன் பலனாக 2022 நவம்பரில் மரப்பாதை திறக்கப்பட்டது. சில நாட்களிலேயே மாண்டஸ் புயலில் சேதமானாலும், சரிசெய்து மறுபடி திறந்தார்கள்.

அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் 2010-ல் திறந்த மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட் பார்க்கில் சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறும் ஊஞ்சல் இருக்கிறது. 2017-ல் சேர்ந்த அதன் வாட்டர் பார்க்கில், பேட்டரிக்குப் பதில் அழுத்தப்பட்ட காற்றில் ஓடும் நாற்காலிகள் உண்டு. நனைந்தாலும் கெடாது.

நம் பக்கத்தில் அது வரும் வரை, போய்வந்த பிறகு ஒரு வேலை பாக்கி. எந்தச் சாய்தளம் செங்குத்து, எந்தக் கழிப்பறை பூட்டியிருந்தது என்று படத்தோடு பார்க் நிர்வாகத்துக்கு எழுதுங்கள். நுழையவே விடவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். பார்க்கில் இருக்கும்போது செய்ய வேண்டியது இன்னும் சுலபம்: பையை லாக்கரில் போட்டுவிடுங்கள், அத்தையோடு மாறி மாறி ஒருவர் இருங்கள், முதல் ரைடை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.