வெயிலைச் சேமிக்கும் சுவர்: லடாக்கின் பசுமைக்குடிலும் திருவள்ளூரின் தேவையும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்த லே நகரத்தில் குளிர்கால இரவுகளின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்குவதுண்டு. மலைக்கணவாய்களைப் பனி மூடும் மாதங்களில் ஸ்ரீநகரிலிருந்தும் மணாலியிலிருந்தும் வரும் சாலைகள் அடைபடுவதால், பச்சைக் காய்கறி விமானத்தில் வந்திறங்கினால்தான் உண்டு என்ற நிலையே அங்கு நெடுங்காலம் நிலவியது. கோடையில் விளைந்த உருளைக்கிழங்கையும் முள்ளங்கியையும் நிலத்தடிக் குழிகளில் புதைத்துவைத்துக் காலம் தள்ளிய அதே ஊர்களில், இன்று ஜனவரி மாதத்திலும் பாலக்கீரையும் கொத்தமல்லியும் அறுவடையாகின்றன. இதற்காக விறகோ மண்ணெண்ணெயோ எரிக்கப்படுவதில்லை என்பதுதான் தமிழ்நாட்டு விவசாயியும் கவனிக்க வேண்டிய செய்தி.

லடாக்கின் குளிர்காலத்தில் வெப்பத்துக்குத்தான் பஞ்சம், வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆண்டு மழை 100 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்யும் அந்தக் குளிர்பாலையில், ஆண்டில் 300 நாள்களுக்குமேல் வானம் தெளிவாக இருக்கிறது. பகலில் விழும் வெயிலை இரவுவரை வைத்திருக்கும் வழி கிடைத்துவிட்டால் அடுப்பே தேவையில்லை என்ற கணக்கின்மீது எழுந்ததே அங்குள்ள சூரியவெப்பப் பசுமைக்குடில். பசுமைக்குடில் என்பது ஒளியை உள்ளேவிட்டு, சூடேறிய காற்று வெளியேறாமல் தடுக்கும் கண்ணாடி அல்லது பாலித்தீன் கூரை வேய்ந்த அமைப்பு. ஆனால், மெல்லிய பாலித்தீன் தாள் பகலில் ஒளியை விடுவதுபோலவே இரவில் வெப்பத்தையும் வெளியே விட்டுவிடுவதால், நான்கு பக்கமும் பாலித்தீனால் ஆன குடில் லேயின் குளிரைத் தாங்காது.

எனவே அங்கு பாலித்தீன் தெற்கு முகத்தில் மட்டுமே அமைகிறது. குடிலின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்க, மற்ற மூன்று பக்கங்களிலும் பச்சை மண்கல் அல்லது கருங்கல்லால் தடித்த சுவர்கள் எழுப்பப்படுகின்றன. அச்சுவர் இரட்டைச் சுவராகக் கட்டப்பட்டு, இடைவெளியில் வைக்கோலோ மரச்சீவலோ அடைக்கப்படுகிறது; வெப்பம் கடந்து செல்லாமல் தடுக்கும் இந்த அடைப்பே காப்பு எனப்படுகிறது. வடக்குச் சுவரின் உட்புறம் கறுப்பு நிறம் பூசப்படுவதால், அது பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சி, பொழுது சாய்ந்தபின் அந்த வெப்பத்தைச் செடிகளின் பக்கம் மெல்ல மெல்ல விடுகிறது. டிசம்பர் 21ஐ ஒட்டிய நண்பகலில் லேயில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 32 டிகிரி உயரமே எழுவதால், சாய்ந்து வரும் அந்தக் கதிர் வடக்குச் சுவர்வரை சென்று விழும்படி தெற்கு முகத்தின் சரிவு அமைக்கப்படுகிறது. மாலையில் பாலித்தீனுக்கு அடியில் ஒரு துணித்திரையை இழுத்துவிட்டு, காலையில் வெயில் ஏறியதும் அதைச் சுருட்டிவைப்பது அன்றாட வேலை. கடுங்குளிர் மாதத்திலும் நண்பகலில் உள்ளே வெப்பம் மிகுந்துவிடுவதால், கூரையிலும் சுவரிலும் உள்ள காற்றுத் திறப்புகளைச் சிறிது நேரம் திறந்துவைக்க வேண்டியிருக்கும். கீரை வகைகள் உறைநிலையை ஒட்டிய குளிரையும் தாங்குவன என்பதால், உட்புறத்தைக் கதகதப்பாக வைப்பது இங்கு நோக்கமே அன்று. உறைந்து சாகாமல் காத்தாலே போதுமானது. தக்காளியும் வெள்ளரியும் கோடையில் அதே குடிலில் இடம் பிடிக்கின்றன.

இந்த வடிவம் ஒரே நாளில் உருவானதன்று. பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பின் கீழ் லேயில் இயங்கும் உயர்மலை ஆராய்ச்சி நிறுவனம், 1960களிலிருந்தே ராணுவத்தினரின் காய்கறித் தேவையை முன்னிட்டு ஆய்வு செய்துவருகிறது. நிலத்தில் குழி தோண்டி மேலே பாலித்தீன் போர்த்தும் மலிவான குழிக்குடிலும் அது பரப்பிய முறைகளுள் ஒன்று. ஜெரஸ் என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் உள்ளூர் அமைப்புகளுடன் சேர்ந்து மண்சுவர்க் குடிலை ஊர் ஊராகக் கொண்டுசென்று, அதற்காக 2009இல் ஆஷ்டன் விருதைப் பெற்றது. பாலித்தீன் தாளைத் தவிர ஏறக்குறைய எல்லாப் பொருள்களும் ஊரிலேயே கிடைத்ததும், கட்டும் வேலையை ஊர்க் கொத்தனார்களே கற்றுக்கொண்டதும் இம்முறை நிலைத்ததற்குக் காரணங்கள். எரிவாயு எரித்துக் கண்ணாடிக் குடில்களைச் சூடேற்றிய நெதர்லாந்து விவசாயிகளுள் பலருக்கு, 2022இல் எரிவாயு விலை எகிறியபோது சாகுபடியைக் குறைக்கவோ நிறுத்தவோ நேர்ந்ததை இதனுடன் வைத்துப் பார்த்தால், லடாக்கியர் தேர்ந்த வழியின் வலிமை விளங்கும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருநின்றவூரின் நிலை லடாக்குக்கு நேர்மாறானது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் இங்கு நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. கோடையில் திருவள்ளூர் மாவட்ட வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் அரிதல்ல. மூடிய பாலித்தீன் குடிலுக்குள் அதைவிடப் பல டிகிரி கூடும் என்பதால், 35 டிகிரிக்கு மேல் மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்க்கும் தக்காளி போன்ற பயிருக்கு அது வீடாகாது. ஓசூரிலும் தளியிலும் ரோஜாவும் கார்னேஷனும் குடிலில் செழிப்பதற்கு, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரமும் அங்குள்ள குளுமையும் துணைநிற்கின்றன. அந்த வெற்றியைக் காட்டித் திருவள்ளூர்ச் சமவெளியில் அதே குடிலை விற்க முற்படுவது தவறு.

ஆண்டு முழுவதும் சாகுபடி என்பதற்கு இங்கு வேறு பொருள் உண்டு. பங்குனி முதல் ஆனி வரையிலான வெயிலும், ஐப்பசி, கார்த்திகையின் அடைமழையும்தான் இப்பகுதிக் கீரைப்பாத்திகளையும் நாற்றங்கால்களையும் வெறுமையாக்குகின்றன. வெயிலில் பாதியை மறைத்து, காற்றைத் தாராளமாக விடும் 50 சதவீத நிழல்வலைக் குடில் முதல் இடருக்கு ஏற்றது. குழித்தட்டு நாற்றும் கொத்தமல்லியும் கோடையிலும் அதில் தாக்குப்பிடிக்கும். ஆனால் நிழல்வலை மழையைத் தடுக்காது. அதற்குக் கூரையில் மட்டும் பாலித்தீன் போட்டு, பக்கங்களைத் திறந்துவிட்ட மழைக்காப்புக் குடில் வேண்டும். 2016 டிசம்பர் 12இல் சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா போன்ற புயல் வரும்போது தாளையும் வலையையும் விரைந்து கழற்றிவிடும்படி கட்டமைப்பு இருப்பது இங்கு இன்றியமையாதது.

பசுமைக்குடிலுக்கும் நிழல்வலைக் குடிலுக்கும் தோட்டக்கலைத் துறை வழியாக 50 சதவீத மானியம் வழங்கும் திட்டம் உள்ளது. திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒதுக்கும் தொகையில் நிழல்வலைக்கும் மழைக்காப்புக் குடிலுக்கும் துறை முதலிடம் தர வேண்டும். மீதிப் பாதியைத் தன் கையிலிருந்து போடும் விவசாயியும், மே மாத நண்பகலில் பக்கத்து ஊரில் ஏற்கெனவே நிற்கும் ஒரு குடிலுக்குள் வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும்.