'தெருக்குரல்' (2019): மறுபடி ஒருமுறை

ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். ஒலிப்பது அரக்கோணத்துக்காரரான அறிவு எழுதிப் பாட, ஆஃப்ரோ இசையமைத்த ராப் தொகுப்பு. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடியவர் அறிவு. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது.

1970களில் லண்டன் இளைஞர்கள் பங்க் கிடாரில் கொட்டிய கோபம் இங்கே ராப்பில் இறங்கியது. 'ஆன்ட்டி இந்தியன்' பாட்டில் அன்று ஆத்திரம்தான் காதில் விழுந்தது. இப்போது கேட்டால் நக்கல் முந்திக்கொள்கிறது. சில தாளங்கள் பழசாகிவிட்டன, மறுப்பதற்கில்லை. ஆனால் தூத்துக்குடியில் 2018 மே மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலியான இளம்பெண்ணின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டு கொஞ்சமும் ஆறவில்லை.

தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளியில் இந்தத் தொகுப்பு எதற்கு? 2012 நவம்பர் 7 அன்று இதே மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன, கொளுத்தப்பட்டன. காதல் திருமணம் ஒன்றைச் சாக்காக வைத்து நடந்தது அது. சாதியை மழுப்பாமல் பாடும் பாட்டை இந்த வட்டாரத்துக்காரர்கள் வெறும் பொழுதுபோக்காகக் கேட்க முடியாது.

தொகுப்பில் முதலில் 'கள்ளமௌனி' பாட்டைப் போடுங்கள்.