ஜொனதன் தர்ஸ்டன்

ஜொனதன் தர்ஸ்டன் (பிறப்பு: ஏப்ரல் 25, 1983) ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த முன்னாள் தொழில்முறை ரக்பி லீக் ஆட்டக்காரர் ஆவார். ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் தொடரில் கேன்டர்பரி புல்டாக்ஸ், நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் ஆகிய இரு கழகங்களுக்காக 2002 முதல் 2018 வரை 323 ஆட்டங்களில் விளையாடினார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கப்படும் டாலி எம் பதக்கத்தை நான்கு முறை (2005, 2007, 2014, 2015) பெற்றார். எனினும், இளமையில் உடல் சிறியது என்ற காரணத்தால் பல கழகங்கள் அவரைத் தவிர்த்தன. முதல் கழகத்தில் மூன்று ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தவை 29 ஆட்டங்கள் மட்டுமே.

ஆட்டமும் ஆட்ட நிலையும்

ரக்பி லீக், அணிக்கு 13 பேர் களத்தில் ஆடும் விளையாட்டாகும். பந்தை வைத்திருக்கும் அணி, ஆறாவது முறை மடக்கிப் பிடிக்கப்பட்டால் பந்தை எதிரணியிடம் ஒப்படைக்க வேண்டும். எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தால் 4 புள்ளிகள் கிடைக்கும். இது 'ட்ரை' எனப்படும். ட்ரைக்குப் பின் பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் மேலும் 2 புள்ளிகள் உண்டு. ஆட்டத்தின் ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் தட்டிக் கம்பங்களுக்கு இடையே உதைப்பது 'ஃபீல்டு கோல்' ஆகும். தர்ஸ்டன் ஆடிய காலத்தில் இதற்கு 1 புள்ளி வழங்கப்பட்டது.

தர்ஸ்டன் ஹாஃப்-பேக், ஃபைவ்-எய்த் ஆகிய நிலைகளில் ஆடியவர். ஆறு வாய்ப்புகளுக்குள் எப்போது பந்தைக் கடத்துவது, எப்போது உதைப்பது என்பதை முடிவு செய்பவர்கள் இந்நிலைகளில் ஆடுவோரே. இப்பணிக்கு உடல் எடையை விடக் கணிப்புத் திறனே முதன்மையானது. ஆயினும், எதிரணி பந்தை வைத்திருக்கும்போது 100 கிலோவுக்கும் மேற்பட்ட எடையுடையவர்களை இவர்களும் தடுத்து வீழ்த்த வேண்டும். மெலிந்த உடலுடைய இளைஞர்களைத் தேர்வு செய்யக் கழகங்கள் தயங்குவது இதனால்தான்.

இளமைக் காலம்

தர்ஸ்டன் குயின்ஸ்லாந்து மாநிலத் தலைநகரான பிரிஸ்பேனில் பிறந்தார். அவரது தாயார் ஆஸ்திரேலியப் பழங்குடியினருள் ஒரு பிரிவினரான குங்காரி மக்களைச் சேர்ந்தவர். தந்தை நியூசிலாந்தைச் சேர்ந்தவர். பள்ளிப் பருவத்தின் ஒரு பகுதியை டூவூம்பா நகரில் கழித்து, அங்கு ரக்பி லீக் ஆடினார். சொந்த மாநிலத்தில் ஒப்பந்தம் கிடைக்காத நிலையில், சிட்னியைச் சேர்ந்த புல்டாக்ஸ் கழகம் அவருக்கு வாய்ப்பளித்தது.

புல்டாக்ஸ் (2002 - 2004)

2002 ஆம் ஆண்டு முதல்தர ஆட்டத்தில் தர்ஸ்டன் அறிமுகமானார். அவ்வாண்டு ஊதிய உச்சவரம்பு விதியை மீறியதற்காகப் புல்டாக்ஸ் கழகத்திடமிருந்து 37 புள்ளிகள் பறிக்கப்பட்டன. முதலிடத்தில் இருந்த அணி கடைசி இடத்திற்குத் தள்ளப்பட்டது. பிரெண்ட் ஷெர்வின், பிரெய்த் அனாஸ்டா ஆகியோர் அணியின் நிலையான இணையாக இருந்ததால், தர்ஸ்டனுக்குத் தொடர்ச்சியான வாய்ப்பு அமையவில்லை.

2004 ஆம் ஆண்டு புல்டாக்ஸ் இறுதி ஆட்டத்திற்குத் தகுதி பெற்றது. ஆனால் அணித்தலைவர் ஸ்டீவ் பிரைஸ் காயம் காரணமாக அதில் ஆட இயலவில்லை. அடுத்த ஆண்டு அவர் நியூசிலாந்து வாரியர்ஸ் கழகத்திற்குச் செல்லவிருந்தார். எனவே புல்டாக்ஸ் அணிக்காகக் கோப்பை வெல்ல அவருக்கு இருந்த கடைசி வாய்ப்பு அதுவே. பிரைஸ் விலகியதை அடுத்து, 21 வயதான தர்ஸ்டன் மாற்று ஆட்டக்காரராக அணியில் இடம்பெற்றார். அக்டோபர் 3, 2004 அன்று சிட்னியில் நடைபெற்ற ஆட்டத்தில் புல்டாக்ஸ் 16-13 என்ற கணக்கில் சிட்னி ரூஸ்டர்ஸ் அணியை வென்றது.

வெற்றி பெற்ற அணியினர் ஒவ்வொருவருக்கும் வாகையர் மோதிரம் வழங்கப்படுவது வழக்கம். தர்ஸ்டன் தமக்குக் கிடைத்த மோதிரத்தை ஸ்டீவ் பிரைஸிடம் கொடுத்துவிட்டார். அணியை ஆண்டு முழுவதும் வழிநடத்தியவருக்கே அது உரியது என அவர் கருதினார். புல்டாக்ஸ் அணிக்காக தர்ஸ்டன் ஆடிய கடைசி ஆட்டமும் இதுவே.

கவ்பாய்ஸ் கழகத்தில் முதல் ஆண்டு

2005 இல் தர்ஸ்டன், குயின்ஸ்லாந்தின் வடபகுதியிலுள்ள டவுன்ஸ்வில் நகரைச் சேர்ந்த கவ்பாய்ஸ் கழகத்தில் இணைந்தார். 1995 முதல் தொடரில் பங்கேற்று வந்த அக்கழகம் அதுவரை இறுதி ஆட்டத்தை எட்டியதில்லை. பயிற்சியாளர் கிரஹாம் மர்ரியின் கீழ் தர்ஸ்டன் நிலையான ஹாஃப்-பேக் ஆனார். தமக்கு நிலையான இடம் கிடைத்த முதல் ஆண்டிலேயே டாலி எம் பதக்கத்தை வென்றார்.

அதே ஆண்டு ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரிலும் அறிமுகமானார். குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநில அணிகளுக்கிடையே ஆண்டுதோறும் மூன்று ஆட்டங்களாக நடைபெறும் தொடர் இது. முதல் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் குயின்ஸ்லாந்து 19-20 எனப் பின்தங்கியிருந்தபோது, தர்ஸ்டனின் ஃபீல்டு கோல் ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டு வந்தது. கூடுதல் நேரத்தில் அவரது கழகத் தோழர் மேட் போவென் எதிரணி கடத்திய பந்தை இடைமறித்து ட்ரை பெற, குயின்ஸ்லாந்து 24-20 என வென்றது. எனினும் அவ்வாண்டுத் தொடரை நியூ சவுத் வேல்ஸ் 2-1 எனக் கைப்பற்றியது.

அரையிறுதியில் பராமட்டா ஈல்ஸ் அணியை 29-0 என வீழ்த்திய கவ்பாய்ஸ், முதன்முறையாக இறுதி ஆட்டத்திற்குள் நுழைந்தது. அதில் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணியிடம் 16-30 எனத் தோற்றது.

பிற்காலம்

தர்ஸ்டன் 2006 இல் ஆஸ்திரேலியத் தேசிய அணியில் அறிமுகமானார். குயின்ஸ்லாந்து அணிக்காக 2005 முதல் 2016 வரை நடைபெற்ற 36 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

கவ்பாய்ஸ் கழகம் மீண்டும் இறுதி ஆட்டத்தை எட்டப் பத்து ஆண்டுகள் ஆயின. அக்டோபர் 4, 2015 அன்று பிரிஸ்பேன் பிராங்கோஸ் அணிக்கு எதிரான அந்த ஆட்டம், முழு நேர முடிவில் 16-16 எனச் சமநிலையில் நின்றது. முன்னிலை பெற்றுத் தந்திருக்கக்கூடிய தர்ஸ்டனின் கடைசி உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பின்னர் கூடுதல் நேரத்தில் அவரே ஃபீல்டு கோல் அடிக்க, கவ்பாய்ஸ் 17-16 என வென்று தனது முதல் வாகையர் பட்டத்தைப் பெற்றது. முதல் மோதிரத்தைப் பிறருக்குக் கொடுத்த தர்ஸ்டன், 11 ஆண்டுகளுக்குப் பின் தமக்கென ஒரு மோதிரம் பெற்றார்.